ஒன்பதாம் படுக்கை: ஒரு செவிலியரின் நாட்குறிப்பு

நவம்பர் 11, திங்கள்

பிற்பகலில் ஒன்பதாம் படுக்கைக்கு ஒரு பெண் வந்தார். வயது 44, நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். சம்பா வயலில் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். ஐந்து நாள் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், காலையிலிருந்து மூச்சுத் திணறல். பாதத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். எலிக்காய்ச்சல்தான் என்று பரிசோதனையும் சொல்லிவிட்டது. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிற கால்கள் இவை. மழைக்காலம் தோறும் இப்படிச் சிலர் எங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

இருட்டுவதற்குள் வென்டிலேட்டரில் இணைத்தாயிற்று. முழு அளவு ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் ஏறவில்லை. ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, நாம் கொடுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனின் பங்கால் வகுத்தால் வருவது ஆக்சிஜன் விகிதம். அது 150-க்குக் கீழே இருந்தால் குப்புறப் படுக்க வைப்பதைப் பற்றி யோசிப்போம். இவருக்கு 92. இரவு முழுக்கப் பார்த்துவிட்டுக் காலையில் முடிவு செய்யலாம் என்றார் மருத்துவர்.

எனக்குப் போன வருடத்து இளைஞர் ஒருவர் ஞாபகம். அவரையும் குப்புறப் போட்டுத்தான் காப்பாற்றினோம். பிழைத்து வீட்டுக்குப் போனார், வலது கன்னத்தில் பாரம் அழுந்தி வந்த அழுத்தப்புண் விட்டுப்போன, ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு பள்ளத்தோடு. மறுபரிசோதனைக்கு வந்த அன்று துண்டால் அந்தக் கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் குப்புறக் கிடந்த இரவுகளில் இரண்டு என் பணி இரவுகள்.

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் விகிதம் 88. குப்புறப் படுக்க வைப்பது என்று முடிவானது.

இதனால் என்ன பயன் என்று இன்று பயிற்சி மாணவி ஒருத்தி கேட்டாள். 2013-இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 நோயாளிகளிடம் நடந்த ஆய்வைச் சொன்னேன். மல்லாந்தே கிடந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 32.8 சதவீதம். தினமும் குறைந்தது 16 மணி நேரம் தொடர்ந்து குப்புறப் படுத்தவர்களில் 16 சதவீதம். சரிபாதி! முதுகுப்பக்கம் அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரிந்து கொடுக்கிறது. ஆனால் அதே நோயாளிகளை வைத்துப் பிறகு பார்த்தபோது, குப்புறப் படுத்தவர்களுக்கே அழுத்தப்புண் அதிகம் என்று தெரிந்தது. மருத்துவர் நுரையீரலைப் பார்க்கட்டும், தோல் நம் பொறுப்பு என்று அவளிடம் சொன்னேன்.

திருப்புவதற்கு முன் உடம்பிலிருந்த நகைகளைக் கழற்ற வேண்டியிருந்தது. தோடு வந்துவிட்டது. மெட்டி, வீங்கிய விரலில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் போராடிய பிறகு வந்தது. மூக்குத்தியின் திருகு இறுகிக் கிடந்தது. அவருடைய மாமியாரை உள்ளே அழைத்தேன். "கல்யாணத்துக்கு முன்பு குத்தியது, சிஸ்டரம்மா. ஒருநாளும் கழற்றியதில்லை" என்றபடி அவரே மெதுவாகத் திருகி எடுத்தார். துளை தூர்ந்துவிடும், ஒரு வேப்பங்குச்சியாவது செருகுங்கள் என்று கெஞ்சினார். முகம் முழுக்கத் தலையணையில் அழுந்தப்போகிறது, குச்சி குத்திப் புண்ணாகிவிடும் என்று விளக்கிச் சொன்னேன். தாலியைப் பற்றிக் கேட்கத்தான் நா எழவில்லை. அவராகவே குண்டையும் பொட்டையும் உருவிக்கொண்டார். வெறும் மஞ்சள் கயிற்றை மட்டும் தளர்த்தி, முடிச்சு முதுகுப்பக்கம் வரும்படி விட்டோம். நெஞ்செலும்பின் மீது மிளகளவு குண்டு கிடந்தாலும் பதினாறு மணி நேரத்தில் அது தோலைக் குடைந்துவிடும்.

பிறகு கண்களுக்குக் களிம்பு போட்டு இமைகளை மூடி ஒட்டினோம். நெற்றி, கன்ன எலும்பு, தாடை, தோள்பட்டையின் முன்புறம், இடுப்பெலும்பின் முனை, முழங்கால் எல்லாவற்றிலும் மெத்தென்ற பஞ்சுப்பட்டை ஒட்டினோம். ஈசிஜி ஒட்டுகளை முதுகுக்கு மாற்றினோம். மேலும் கீழும் விரிப்பு வைத்து ஓரங்களைச் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி, ஆறு பேர் சேர்ந்து திருப்பினோம். தலைமாட்டில் மருத்துவர் வென்டிலேட்டர் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். மூன்றாம் எண்ணிக்கையில் நோயாளி புரண்டார். குழாய் எதுவும் நகரவில்லை.

மார்புக்கும் இடுப்புக்கும் தலையணை, வயிறு அழுந்தாதபடி நடுவில் இடம். கணுக்காலின் கீழ் ஒரு தலையணை, விரல்நுனி மெத்தையில் படக்கூடாது. நீச்சலடிப்பவர் போல ஒரு கை மேலே, ஒரு கை கீழே, முகம் மேலே இருக்கும் கையின் பக்கம். முகம் வீங்காமலிருக்கக் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திவைத்தோம்.

வளையம் போன்ற தலையணை ஒன்றை யாரோ கொண்டுவந்து நீட்டினார்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்கு ரத்தம் போகாமல் தடுத்துவிடும். அது இன்னும் ஏன் எங்கள் அலமாரியில் கிடக்கிறது?

நவம்பர் 14, வியாழன், விடியற்காலை

குப்புறப் படுக்க வைத்ததில் இரண்டாம் சுற்று. இரவுப் பணி எனக்கு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலையை மறுபக்கம் திருப்பிக் கைகளை மாற்றினோம். பன்னிரண்டு மணிக்குத் திருப்பியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு மணிக்கு மறுபடி திருப்பி, அதுவரை கீழே அழுந்தியிருந்த இடது கன்னத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. புறங்கையை வைத்தேன். மற்றக் கன்னத்தைவிடச் சூடு. விரலால் தொட்டால், பஞ்சுப்பட்டையின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கெட்டியாக ஒரு தடிப்பு. மூக்குவழி உணவுக்குழாய் நழுவிக் கன்னத்துக்கு அடியில் போய்விட்டிருக்கிறது. இரண்டு மணி நேரம் அதன் மீதே முகத்தின் பாரம் முழுவதும்.

இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். புத்தகத்தில் அழுத்தப்புண்ணின் முதல் நிலைக்கு அடையாளம் சிவப்பு: அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. யாருடைய தோலில்? வெயிலில் கறுத்த இந்தக் கன்னத்தில் சிவப்பு எங்கே தெரியும்? நம் மக்களின் தோலில் அது சில வேளை பக்கத்துத் தோலைவிடக் கொஞ்சம் கருத்து, கத்தரிப்பூ நிறம் ஓடித் தெரியும். பல வேளை தெரியவே தெரியாது. சூடு, குளிர்ச்சி, கெட்டித்தன்மை, சொதசொதப்பு இவைதான் நமக்கு அடையாளம். விழித்திருப்பவர் என்றால் வலிக்கிறது என்பார். மயக்க மருந்தில் இருப்பவர் எப்படிச் சொல்வார்? எலும்பை ஒட்டிய தசை உள்ளே நசுங்கத் தொடங்கி, மேல்தோலுக்கு வந்து சேர நேரமாகும். கண்ணுக்குத் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். அந்த இளைஞரின் கன்னத்தையும் நான் பார்த்தேன். இரண்டு இரவும் டார்ச் அடித்துப் பார்த்து "சிவப்பு இல்லை" என்றுதான் குறிப்பேட்டில் எழுதினேன். தொட்டுப் பார்க்கவில்லை.

குழாயை எடுத்து மூக்கின் மேல் வேறு கோணத்தில் ஒட்டினேன். தேய்த்து விடட்டுமா என்று மாணவி கை நீட்டினாள். தடுத்தேன். நசுங்கிய இடத்தைத் தேய்ப்பது அதை மேலும் நசுக்குவது. அந்தக் கன்னம் இனி கீழே போகாதபடி, விடியும்வரை நெற்றியிலும் வலப்பக்கத்திலும் பாரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தோம். வலப்பக்கத்தையும் மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தோம். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்க ஓடும் மருந்து தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. வாயிலிருந்து எச்சில் வழிந்து கன்னம் ஊறிக்கிடக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதாது. மழைக்கால ஈரத்தில் எதுவும் உலர்வதில்லை.

ஐந்து மணிக்குச் சூடு தணிந்தது. தடிப்பு இருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

கடைமுகம், ஐப்பசியின் கடைசி நாள். பணியாளர் பாதிப் பேர் மயிலாடுதுறைக்குக் காவிரியில் முழுக்குப் போட விடுப்பு. திருப்புவதற்கு நான்கு பேர்தான் இருந்தோம். நால்வரை வைத்துக்கொண்டு இழுத்தால் தோல் விரிப்போடு உராய்ந்து உரியும். பிரசவப் பிரிவிலிருந்து இருவர் வரும்வரை நாற்பது நிமிடம் காத்திருந்தோம். மருத்துவருக்குப் பொறுமை போய்விட்டது. ஆனாலும் காத்திருந்தார்.

கருவிகளைப் பற்றிய பட்டியல் ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன்: உணவுக்குழாய், மூச்சுக்குழாய் நாடா, கழுத்து ஊசியின் கிளிப், சிறுநீர்க்குழாய். தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும், அடியில் எதுவும் இல்லை என்று ஒருவர் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு உரக்கச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று நான்காம் சுற்று முடிந்து மல்லாக்கப் படுக்க வைத்தோம். ஆக்சிஜன் இறங்கவில்லை. விகிதம் 210. இனிக் குப்புறப் போட வேண்டாம் என்றார்கள்.

கன்னத்துத் தடிப்பு மெத்தென்றாகிவிட்டது. தோல் கிழியவில்லை. ஒரு கருமை மட்டும் நிற்கிறது. இனி முதுகும் குதிகாலும். அவற்றையும் கையால்.

நவம்பர் 21, வியாழன்

வென்டிலேட்டர் குழாயை எடுத்து இரண்டு நாளாகிறது. குரல் கம்மிப் பேசுகிறார். முதலில் கேட்டது, களை பறித்து முடித்தார்களா என்று.

நவம்பரின் மூன்றாம் வியாழன், அழுத்தப்புண் தடுப்புக்கான உலக நாள். மதியம் பணி மாற்றத்தின்போது ஏழு செவிலியரை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அவரவர் இரு கன்னங்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சூட்டு வித்தியாசம் விரலில் பழக வேண்டும். இனிக் குறிப்பேட்டில் "சிவப்பு இல்லை" என்று மட்டும் எழுதக் கூடாது, தொட்டு என்ன உணர்ந்தோம் என்று எழுதுவோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

மாலையில் மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்து மூக்குத்தியை எடுத்தார். கண்ணாடி கேட்டார் மருமகள். கொடுத்தேன். இடது கன்னத்தைத் தொட்டார். "இது என்ன, சிஸ்டர், மங்கு மாதிரி?" என்றார். நடந்ததைச் சொன்னேன், என் பணி நேரத்தில் குழாய் அழுந்தியது என்பதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

துளை பாதி தூர்ந்திருந்தது. மூக்குத்தி போகவில்லை. வேப்பங்குச்சி ஒன்றைச் சீவிச் சுத்தம் செய்துகொண்டு நாளை வருவதாக மாமியார் சொல்லியிருக்கிறார். இம்முறை நான் தடுக்கப் போவதில்லை.