பூம்பாறை வேலப்பனுக்கு ஒரு ரூபாய்

பேரன் பிறந்தால் கொடைக்கானலைத் தாண்டி இருக்கும் பூம்பாறைக்கு வந்து முடி இறக்குகிறேன் என்று அத்தை நேர்ந்துகொண்டது, பிள்ளைக்குப் பெயர் வைத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அடிவாரத்திலேயே பழநி இருக்க, குளிருக்குள் குடியிருக்கும் குழந்தை வேலப்பரிடம் எதற்குப் போய்க் கேட்டாய் என்று என் கணவர் சலித்துக்கொண்டார். "பழநியாண்டவரை வடித்த போகர் சித்தரின் கை பட்ட பிள்ளைதானே அவனும்" என்றதோடு அத்தை பேச்சை முடித்துவிட்டார்.

ஆனாலும் பெரியவனிடம் சொல்லாமல் சின்னவனிடம் போகக் கூடாதாம். முதலில் பழநி. விஞ்ச் வரிசை, பூக்கடைக்காரர்களின் இழுபறி, "உடனே தரிசனம் முடித்துத் தருகிறேன்" என்று வால்போல ஒட்டிக்கொண்டு வந்த ஓர் ஆள், இதெல்லாம் பழநி போகிறவர்களுக்குப் புதிதல்ல. தண்டாயுதபாணியிடம் விடை பெற்றுக்கொண்டு மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுத்தான். அவனைப் பார்த்து நானும். பெருமாள்மலையில் ஒரு டீ குடித்த பிறகுதான் உயிர் வந்தது.

கொடைக்கானலைப் பற்றி அதிகம் சொல்லப் பிரியமில்லை. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உண்டாக்கிய அந்த ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்தான் சாலை. சனிக்கிழமை அதை ஊர்ந்து கடப்பதற்குள் குதிரைக்காரர், சைக்கிள் கடைக்காரர், சாக்லேட் விற்பவர் எல்லோரும் கண்ணாடியைத் தட்டிவிட்டார்கள். இ-பாஸ் வைத்த பிறகும் இந்தக் கூட்டம் என்றால், அது இல்லாத காலத்தில் எப்படி இருந்திருக்கும்! ஒரு ஜீப் தரகர் மட்டும் விடவே இல்லை. உங்கள் கார் அந்தச் சாலைக்குத் தாங்காது, என் ஜீப்பில் ஏறுங்கள், பூம்பாறை வியூ பாயிண்ட்டில் பத்து நிமிடம், பிறகு மன்னவனூர் ஏரி, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றார். கோவில்? "கோவில் பேக்கேஜில் இல்லை அம்மா." அத்தை அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. எங்கள் கார் நன்றாகவே போனது.

அவர் சொன்னதும் பொய்யில்லை. வளைவில் வண்டியை நிறுத்தி, கீழே படிப்படியாய் இறங்கும் வயல்களையும் நடுவில் குவிந்திருக்கும் வீடுகளையும் படமெடுத்துக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். ஊருக்குள் இறங்குகிறவர்கள் குறைவு. இறங்கினால் முதலில் வரவேற்பது பூண்டு வாசனை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இந்த மண்ணில் விளைவதுதான்.

வெந்நீர் வைத்துக் கொடுத்த புண்ணியவதிக்கு நன்றி. முடி இறங்கிய தலையில் சந்தனம் பூசியதும் அழுகையை நிறுத்திவிட்டுப் பிள்ளை சிரித்தான். அருணகிரியாரைக் காக்கக் குழந்தையாய் வந்தவன் சந்நிதியில் வேறெப்படி இருப்பான்?

உள்ளே அபிஷேகம் முடிந்து திரை விலகும் நேரத்தில்தான் அத்தை இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். நேர்ந்த அன்று முடிந்துவைத்த ஒரு ரூபாய். மஞ்சளும் எண்ணெயும் ஏறி அந்த முடிச்சு கல்லாகியிருந்தது. வாத விரல்களால் அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை. பல்லால் கடித்தார். நான் கை நீட்டினேன், தட்டிவிட்டார். "துணியோடு உண்டியலில் போட்டுவிடுங்கள் பாட்டி" என்றார் குருக்கள். "முடிந்தவள் நான். நானே அவிழ்க்கிறேன்." பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். தீபாராதனை ஆகி, தட்டு எல்லோரையும் சுற்றி வந்துவிட்டது. அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. ஒருவழியாகக் காசு உள்ளங்கையில் விழுந்து அவர் நிமிர்ந்தபோது கற்பூரம் அணைந்திருந்தது.

இத்தனை தூரம் வந்து ஆரத்தியைத் தவறவிட்ட முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குருக்கள் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு கட்டியை எடுத்து வைத்துக் கொளுத்தி, பாதத்திலிருந்து மெல்ல ஏற்றி, முகத்தருகே கொண்டுபோய் நிறுத்தினார். சந்தனப் பூச்சுக்குள் கண்கள் தெரிந்தன. அத்தை கைகூப்பக்கூட மறந்து, "வந்துவிட்டேனடா ராசா" என்றார். நான் என்ன வேண்டினேன் என்று கேட்டால் தெரியாது. அழுதேன், அவ்வளவுதான். டாக்டர்கள் கைவிரித்த நாட்களில் இந்தத் தெய்வத்தை நான் திட்டியிருக்கிறேன். அந்தத் திட்டையும் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தான்.

மன்னவனூருக்கும் போனோம். புல்மேடுகளுக்கு நடுவே ஏரி அழகுதான், பரிசலும் ஓடுகிறது. ஆனால் எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தன முகமாகவே தெரிந்தது. கட்டுச்சோற்றைப் பிரித்தபோது புளியோதரையின் ருசிகூட அவன் கொடுத்தது என்று தோன்றியது.

திரும்பும் வழியில் குறிஞ்சியாண்டவர். மேல்நாட்டில் பிறந்து நம் சமயத்துக்கு வந்த லீலாவதி ராமநாதன் 1936இல் எழுப்பிய கோவில். மேகம் விலகினால் இங்கிருந்து பழநி மலை தெரியும். எங்களுக்கு விலகவில்லை, குறையில்லை, காலையிலேயே அவன் காலடியில் நின்றவர்கள்தானே. குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது, இனி 2030இல்தான் என்று கணவர் சொன்னதும் அத்தை விரல் விட்டு எண்ணினார். பூக்கும்போது பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே இந்தச் சந்நிதிக்கு வருவேன், பால்குடமும் எடுப்பேன் என்று அங்கேயே அடுத்த நேர்த்தி. முழங்கால் இருக்கிற நிலையில் இதெல்லாம் தேவையா என்று நான் வாயெடுப்பதற்குள், மூலவருக்குக் கேட்கும்படியாகச் சொல்லி முடித்துவிட்டார். இனி அவன் பாடு. முருகா, அத்தையின் முழங்காலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்.