தண்ணீர்மலைக்கு அப்பாவின் வழி

அலோர்ஸ்டாரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கோலாலம்பூரிலிருந்து காரில் போகிற வழியில் பினாங்கில் ஒரு ராத்திரி தங்குவது என்று முடிவானதுமே எல்லாம் அப்பா ராஜ்யம்தான். பிறந்து வளர்ந்த ஊர் ஆயிற்றே!

தீவுக்குப் போக பட்டர்வொர்த்தில் காரை ஃபெரியில் ஏற்றச் சொன்னார். இப்போது ஃபெரியில் ஆட்களும் மோட்டார்சைக்கிளும்தான் போகலாம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "பாலம் 1985லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நாங்க எல்லாம் நீந்தியா போனோம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பாலத்தைக் கடந்தார்.

முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலைக்கு நேராகப் போக விடவில்லை. குவீன் ஸ்த்ரீட் மகாமாரியம்மனிடம் சொல்லிக்கொள்ளாமல் முருகனைப் பார்க்கப் போகக் கூடாதாம். 1833இல் எழுந்த கோயில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். சுற்றிலும் புடவைக்கடை, மசாலாக்கடை, பாட்டுச் சத்தம். கோபுர வாசலைத் தாண்டியதும் அத்தனையும் அடங்கிப்போகிறது. வெளியே பூ விற்ற அம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, "இந்தப் பக்கத்துப் புள்ளையாப்பா நீ?" என்றார். "ஆமாக்கா, சின்ன வயசுல இங்கதான்." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அடுத்து மல்லிகையை முழம் போட்டபோது அந்தக் கை முழங்கையைத் தாண்டி ஒரு சாண் கூடவே போனது.

பினாங்கு ஸ்த்ரீட்டில் நகரத்தாரின் கோவில் வீட்டுக்கு முன்னால் காரை மெதுவாக ஓட்டச் சொன்னார். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் புறப்படுவது இங்கிருந்துதான். நகரத்தார் 1894இல் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த ரதம், இன்றும் மாடு பூட்டித்தான் வருகிறது. வழி நெடுக மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைபடும், சீனக் குடும்பங்களும் வரிசையில் நின்று உடைப்பார்கள். வெறுங்காலில் ரதத்தோடு நடந்தால் ஓடு குத்துமாம். தெருவே இளநீர் வாசம் அடிக்குமாம். அப்பாவுக்குத் தண்ணீர்ப்பந்தலில் சிராப் கலக்குகிற வேலை. "சீனி பத்தலைன்னு பெரியத்தை திட்டுவா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். வீட்டுப் பத்திர விவகாரத்தில் அக்காவும் தம்பியும் பேச்சுவார்த்தையை விட்டுப் பல வருஷம் ஆகிறது.

அடிவாரத்தில் 1857இல் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு மலையேறினோம். 513 படி. பத்துமலையின் 272 படிக்கே மூச்சு வாங்குகிற என் பிள்ளைகள் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பழைய கோயில் தாவரவியல் பூங்காவுக்குள் அருவியை ஒட்டி இருந்தது, வெள்ளைக்காரன் நீர்த்தேக்கம் கட்டியபோதுதான் இடம் மாற வேண்டியதாயிற்று என்று அப்பா அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டே ஏறினார். முட்டிவலிக்காரர் நிற்க ஒரு சாக்கு வேண்டாமா? இப்போது மேலே இருப்பது 2012இல் குடமுழுக்கு கண்ட பெரிய கோயில். பத்துமலையின் வண்ணப் படிகளில் படம் எடுக்கிற கூட்டத்துக்கு நடுவே சாமியைத் தேட வேண்டியிருக்கும். இங்கே ஏறி முடித்தவனுக்குத் தண்டாயுதபாணியை விட்டால் வேறு வேலை இல்லை. எனக்கு இதுதான் பிடித்தது.

அர்ச்சனைச் சீட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். அப்பா மூச்சு விடாமல் அடுக்கினார்: அம்மா, நாங்கள், பேரப்பிள்ளைகள், கல்யாணப் பெண், மாப்பிள்ளை. குருக்கள் தட்டைத் தூக்கிய பிறகு, "இன்னும் ஒண்ணு சாமி" என்று பெரியத்தை பெயரைச் சொன்னார். "சுவாதி நட்சத்திரம்." அம்மா என்னைப் பார்த்தார், நான் முருகனைப் பார்த்தேன்.

இறங்கி வந்து கடையில் தண்ணீர் குடிக்கும்போது யாரிடமோ கேட்பதுபோல், "ஆயர் ஈத்தாம் இங்கிருந்து கிட்டத்தானே?" என்றார். பெரியத்தை வீடு அங்கேதான்.

"கிட்டத்தான்பா."

"சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போயிடலாம். உள்ள கூப்பிட்டா போவோம்."

"வெறுங்கையோடவா போறது?" என்று அம்மா அதற்குள் காரில் ஏறிவிட்டார். "வழியில பழக்கடையில நிறுத்து. அண்ணிக்கு மாதுளை பிடிக்கும்."