வீட்டுக்குள் டவர் எடுக்க வைத்த கதை

வாசலில் நின்றால் மூன்று பாயிண்ட். கூடத்துக்கு வந்தால் ஒன்று. உள்ளறைக்குப் போனால் அதுவும் இல்லை. யாருக்கு அழைப்பு வந்தாலும் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறுவது எங்கள் வீட்டில் பழகிப்போன காட்சி. பாதிப் படி ஏறுவதற்குள் எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் கருவியை வாங்கி மாட்டு என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சிக்னல் எங்கே, எவ்வளவு குறைகிறது என்று பார்க்காமல் எதையும் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இதில் பாயிண்ட்டை நம்பிப் பயனில்லை. எந்த அளவுக்கு எத்தனை பாயிண்ட் காட்டுவது என்பதற்குப் பொதுவான கணக்கு கிடையாது. ஒவ்வொரு போன் நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி வரைகிறது. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அமைப்புகளுக்குள் போனைப் பற்றிய பகுதியில் 'சிம் நிலை' என்ற இடத்தில் இது இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் சோதனைத் திரை வரும். எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 4ஜியில் -80 என்றால் கவலையே இல்லை. -100 வரை சமாளிக்கலாம். -110 தாண்டினால் பேச்சு தடுமாறும், -120ஐ நெருங்கினால் அறுந்துவிடும்.

எங்கள் வாசலில் -92, உள்ளறையில் -118. வெறும் 26தானே என்று தோன்றும். ஆனால் 3 குறைந்தாலே சிக்னல் பாதியாகிவிடும், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் வாசலில் இருப்பதில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்குதான் உள்ளறைக்கு வந்து சேர்கிறது. ஆக, டவர் தூரத்தில் இருப்பது பெரிய குறையல்ல, நடுவில் இருக்கும் சுவர்கள்தான் விழுங்குகின்றன.

அளப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போனை ஒரு சாண் நகர்த்தினாலே எண் ஐந்தாறு மாறும். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் வருவது அது. என் சிம் பிடிக்கும் 1800 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளமே 17 சென்டிமீட்டர்தான். அதனால் ஒவ்வோர் அறையிலும் சில இடங்களில் வைத்து, எண் நிலைக்கும் வரை பொறுத்து, நடுவாந்தரமானதை எழுதிக்கொண்டேன்.

எண்ணோடு பேண்ட் எது, அதாவது போன் எந்த அலைவரிசையைப் பிடிக்கிறது என்பதையும் பார்த்தேன். இலவசச் செயலிகளே அதைக் காட்டிவிடும். பேண்ட் 3 என்றால் 1800 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 8 என்றால் 900, பேண்ட் 40 என்றால் 2300. அதிர்வெண் குறையக் குறைய அலை சுவரைத் தாண்டி உள்ளே வரும். கம்பி கட்டிய கான்கிரீட், தகரக் கூரை, வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு பூசிய ஜன்னல் கண்ணாடி இவையெல்லாம் அலைக்கு எதிரிகள். கண்ணாடிதானே என்று பலரும் விட்டுவிடுவார்கள், ஆனால் பூச்சுள்ள கண்ணாடி சில செங்கல் சுவர்களைவிட அதிகமாகத் தடுக்கும். என் சிம் வீட்டுக்குள் பேண்ட் 3ஐத்தான் பிடித்தது. வேறு நிறுவன சிம் வைத்திருந்த உறவினர் ஒருவர் வந்தபோது அவருடைய போனை வாங்கி அதே உள்ளறையில் வைத்துப் பார்த்தேன். பேண்ட் 8, -101. வீடு அதே வீடு, சுவர் அதே சுவர்!

என் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் எழுதினேன். போனை அணைத்துப் போடுங்கள் என்று பதில் வந்தது. இடம், பேண்ட், எண் எல்லாம் குறித்து மறுபடி எழுதியதும் பேச்சின் தோரணை மாறியது. வெளியே சிக்னல் சரியாக இருக்கிறது, கட்டடத்துக்குள் குறைவதற்குத் தங்களால் ஆவது ஒன்றுமில்லை, வைஃபை காலிங் பயன்படுத்துங்கள் என்றார்கள். தட்டிக்கழிப்பாகத்தான் பட்டது, ஆனால் யோசனை சரியானது.

வைஃபை காலிங் என்பது வாட்ஸ்அப் அழைப்பு அல்ல. அதே எண்ணில், அதே டயல் திரையில், டவருக்குப் பதிலாக வீட்டு இணையம் வழியாகப் பேச்சு போகும். எதிர்முனையில் இருப்பவரிடம் எந்த வசதியும் இருக்க வேண்டியதில்லை. உங்கள் போனும் உங்கள் சிம் நிறுவனமும் இரண்டும் இதற்கு இடம் தர வேண்டும், அவ்வளவுதான். ஆன் செய்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். அழைப்பு பழையபடியே அறுந்தது.

காரணம் பிடிபடக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. ஒரு பாயிண்ட் சிக்னல் மிச்சம் இருந்தாலும் போன் டவரையே பிடித்துத் தொங்குகிறது, வைஃபைக்கு வருவதில்லை. சில போன்களில் வைஃபை காலிங் பகுதிக்குள்ளேயே 'வைஃபைக்கு முன்னுரிமை' என்ற தேர்வு இருக்கும். அதைப் போட்டதும் சரியாயிற்று. அது இல்லாத போனில் ஏரோபிளேன் மோடைப் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யலாம். டவரும் வைஃபையும் இரண்டும் அரைகுறையாக இருப்பதுதான் மிக மோசமான நிலை. ஆகவே ரூட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்து நடைவழியில் உயரமாக மாட்டினேன். பேச்சுக்கு இணைய வேகம் அதிகம் தேவையில்லை, தடங்கல் இல்லாமல் சீராக வந்தால் போதும்.

அம்மாவின் பட்டன் போனுக்கு இது எதுவும் உதவாது. அதற்கு அந்தப் பேண்ட் 8 நிறுவனத்துக்கு எண்ணை மாற்றியதுதான் தீர்வு. கடையில் காட்டும் கவரேஜ் வரைபடத்தைப் பார்த்து மாறாதீர்கள், அது பெரும்பாலும் திறந்தவெளிக் கணக்கு. அந்த சிம் உள்ள போன் ஒன்றைக் கடன் வாங்கி, உங்கள் வீட்டிலேயே மோசமான அறையில் வைத்துப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

பூஸ்டரை ஏன் விட்டேன்? வெளியே ஓர் ஆன்டெனா வாங்கும் சிக்னலைப் பெருக்கி உள்ளே இன்னோர் ஆன்டெனா வழியாக விடுவதுதான் அதன் வேலை. உள்ளே விட்டதை வெளி ஆன்டெனா மறுபடி வாங்கிவிட்டால், ஒலிபெருக்கிக்கு முன் மைக்கை நீட்டியதுபோல் ஊளையிடத் தொடங்கும். அந்த இரைச்சல் டவருக்கே போய், சுற்றி இருக்கும் அத்தனை பேருடைய பேச்சையும் கெடுக்கும். அதனால்தான் பல நாடுகளில் அனுமதியில்லாமல் இதை மாட்டுவது குற்றம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2013இல் கொண்டுவந்த விதிகளின்படி சான்று பெற்ற கருவியாக இருக்க வேண்டும், அதையும் சிம் நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் சல்லிசாக விற்பவை பெரும்பாலும் எந்தச் சான்றும் இல்லாதவை. போனுக்குப் பின்னால் ஒட்டும் 'சிக்னல் ஸ்டிக்கர்' பற்றிப் பேசவே வேண்டாம், அது ஸ்டிக்கர்.

வயர் இணையமே இல்லாத வீடாக இருந்தால்? உறவினர் வீட்டில் அதற்கும் ஒரு வழி செய்தோம். வெளி ஆன்டெனா மாட்ட வசதியுள்ள 4ஜி ரூட்டர் வாங்கி, கூரை மேல் ஆன்டெனாவை டவர் பக்கம் திருப்பி, அந்த வைஃபையில் வைஃபை காலிங் பயன்படுத்துகிறார்கள். இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஆன்டெனா கேபிள். மெல்லிய கேபிளைப் பத்து மீட்டர் இழுத்தால் ஆன்டெனா வாங்கித் தந்ததில் பாதிக்கு மேல் கேபிளே தின்றுவிடும். எனவே ரூட்டரை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், மழை படாமல் மேலேயே வைத்து, கீழே லேன் கேபிளை இறக்கினோம். அது நூறு மீட்டர் வரை சோடை போகாது. ஆன்டெனாவைத் திருப்பும்போது சிக்னல் அளவைவிட எஸ்ஐஎன்ஆர் என்ற எண்ணைப் பாருங்கள். இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று காட்டுவது அதுதான். சிக்னல் சற்றுக் குறைந்தாலும் எஸ்ஐஎன்ஆர் கூடும் திசையில்தான் வேகம் கிடைத்தது.

எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. சிக்னல் குறைவான இடத்தில் போன் தன் முழு சக்தியோடு டவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதால் சூடாகும், சார்ஜும் இறங்கும். இப்போது சார்ஜ் இரவு வரை தாங்குகிறது.

கரண்ட் போனால் ரூட்டரும் போகும், அதோடு பேச்சும் போகும். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துவிட்டேன். வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள், பல 12 வோல்ட், ஆனால் எல்லாம் அல்ல. குளியலறையில் மட்டும் இன்னும் எதுவும் எடுப்பதில்லை. அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று வீட்டில் ஒருமனதாகத் தீர்மானம் ஆகியிருக்கிறது.