அல்லேலூயா திரும்பி வந்த விடியல்

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய நோன்புக் காலமாகிய லெந்து நாட்கள் 40 என்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை எண்ணினால் 46 வருவதேன் என்பதை எனக்கு விளக்கியவர் அம்மாதான். ஒவ்வொரு ஞாயிறும் ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளாகையால், இடையில் வரும் 6 ஞாயிறுகள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆயினும் அந்த ஞாயிறுகளிலும் எங்கள் ஆலயத்தில் அல்லேலூயா பாடுவதில்லை. பலிபீடத்தில் ஊதா விரிப்பு ஏறியதும் அந்தச் சொல் ஆராதனையிலிருந்து விடைபெற்றுவிடும். அது திரும்பி வரும் வேளையில் அம்மாவின் அருகில் நிற்க வேண்டும் என்றே இவ்வாண்டு பரிசுத்த வாரத்தில் நாகர்கோவிலுக்கு வந்தேன்.

பெரிய வியாழன் இரவு திருவிருந்து ஆராதனை. "இது உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்று போதகர் வாசித்தபோது, 1529-இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசம் என்னும் விசுவாசப் போதனை நூலில், 'உங்களுக்காக' என்னும் வார்த்தையை விசுவாசிக்கிறவனே இவ்விருந்துக்குத் தகுதியுள்ளவன் என்று சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதியது நெஞ்சில் தைத்தது. தகுதியில்லை என்று எண்ணிப் பல ஆண்டுகள் பின்வரிசையிலேயே இருந்துவிட்ட நான் அன்று எழுந்து சென்று முழங்காலிட்டேன்.

பந்தி முடிந்ததும் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, பாத்திரங்களையும் மெழுகுவர்த்திகளையும் இறுதியில் விரிப்பையும் மூப்பர்கள் ஓசையின்றி எடுத்துச் சென்றார்கள். ஆசீர்வாதம் கூறப்படவில்லை. ஆடை களையப்பட்ட ஆண்டவரைப் போல் பலிபீடம் வெறுமையாய் நிற்க, சபையார் ஒரு சொல்லும் பேசாமல் கலைந்தோம். மார்ச் 21-ஐ ஒட்டியோ அதன் பின்போ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்புத் திருநாள் என்பதால், பரிசுத்த வாரம் எப்போதும் நிலவுள்ள வாரம். இயேசு பிடிபட்ட கெத்செமனே தோட்டத்திலும் யூதரின் பஸ்கா பண்டிகை நிலவே காய்ந்திருக்கும் என்று எண்ணியபடி தென்னைகளின் நிழல் விழுந்த பாதையில் வீடு திரும்பினோம்.

பெரிய வெள்ளி, சிலுவைப்பாட்டை நினைவுகூரும் மூன்று மணி நேர மும்மணி ஆராதனையில் கழிந்தது.

சனிக்கிழமை மயிலாடிக்குச் சென்றேன். லுத்தரன் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மனியின் ஹாலேயில் பயின்று, லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராய் வந்த ரிங்கல்தௌபே, அவ்வூரைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806-இல் வந்து சேர்ந்த ஊர் அது. அங்குள்ள ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1816-இல் ரிங்கல்தௌபே விடைபெற்றுச் சென்றபின், வேதமாணிக்கம் 1827-இல் இறக்கும்வரை சபையைத் தாங்கினார். விடைபெற்றுப் போன ரிங்கல்தௌபேக்கு அறியப்பட்ட கல்லறையே இல்லை. ஆண்டவர் கல்லறையில் இருந்த நாளாகிய அந்தச் சனியன்று, சிற்பிகளின் ஊரான மயிலாடியில் எங்கிருந்தோ உளியோசை கேட்டுக்கொண்டிருக்க, அவரையே வெகுநேரம் நினைத்திருந்தேன்.

ஞாயிறு விடியுமுன் ஆலயத்தில் ஒரே இருள். ஒற்றை மெழுகுவர்த்தியுடன் உள்ளே வந்த போதகர், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார், அல்லேலூயா" என்று சபை எழுந்து முழங்கியபோது, ஒருவர் திரியிலிருந்து மற்றவர் திரிக்குச் சுடர் பரவியது. பலிபீடத்தில் வெள்ளை விரிப்பு தெரிந்தது. ஞானப்பாட்டின் முதல் அடியிலேயே அம்மாவின் குரல் உடைந்தது. என் கையைப் பற்றிக்கொண்டு, அடுத்த அல்லேலூயாவை அவர் முழுதாகப் பாடினார்.