ஃப்ளோரியானாவுக்கு வந்த படகு

ராத்திரி முழுக்க ஃப்ளோரியானா நினைப்புதான். பசிபிக் கடலில் ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. 1934-இல் அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மார்ச்சில் ஒருநாள், 'பரோனஸ்' (பிரபுகுலப் பெண்ணுக்கான பட்டம்) என்று அறியப்பட்ட பெண்ணும் அவருடைய காதலர் பிலிப்சனும் காணாமல் போனார்கள்.

நண்பரின் படகில் தஹிதி தீவுக்குப் போவதாகச் சொன்னார்கள் என்றார் பக்கத்துக் குடும்பத்து மார்கரெட் விட்மர். வேறு யாரும் அந்தப் படகைப் பார்க்கவில்லை. சாமான்கள் அப்படியே கிடந்தன.

எனக்கு மனசைப் பிசைவது லோரன்ஸ்தான். பரோனஸுடன் வந்து, அவமானப்பட்டு, விட்மர் வீட்டில் அடைக்கலம் புகுந்தவர். ஊர் திரும்பத் துடித்துக் கிளம்பினார், பாவம். சில மாதம் கழித்து, தண்ணீரே இல்லாத மார்ச்சேனா தீவில் அவர் உடல் காய்ந்து கிடந்தது.

மார்கரெட் 2000 வரை வாழ்ந்தார். கடைசிவரை அந்தப் படகு வந்தது என்றே சொன்னார்.