பல் செட்டுக்கு முன் தாடை எலும்பைச் சீவுவது

பல் பிடுங்கிய புண் ஆறியதும் எல்லாம் சமமாகிவிட்டதாகத் தோன்றும். விரலால் அழுத்தித் தடவினால்தான் தெரியும், வழவழப்பான ஈறுக்கு அடியில் எலும்பு ரம்பம் போல நெருடுவது. செட் போட்டு மெல்லும்போது அந்தக் கூர்முனைக்கும் செட்டுக்கும் நடுவே ஈறு நசுங்கிப் புண்ணாகும். எலும்பு வெளிப்பக்கம் புடைத்து, அதன் கீழே குழிந்திருந்தால் செட் சரியாக இறங்கவே இறங்காது. இதைச் சரிசெய்யும் சிறு அறுவை சிகிச்சைதான் அல்வியோலோபிளாஸ்டி.

போகும் முன் சாப்பிடும் மருந்து அத்தனையையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புப்புரைக்கு அலென்ட்ரோனேட், டெனோசுமாப் போன்றவை எடுத்தவர்களுக்கும் தாடையில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் வெட்டிய எலும்பு ஆறாமல் நின்றுபோகும் ஆபத்து உண்டு. அவர்கள் இதை முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

மரத்துப்போக ஊசி போட்டபின் எலும்பு மேட்டின் உச்சி வழியே ஈறைக் கீறி, எலும்பு தெரியுமளவு மட்டும் விலக்குவார்கள். பெரிய முனைகளைக் கடித்தெடுக்க ஒரு குறடு, மிச்சத்தை இழைக்க அரம். டிரில் ஓட்டினால் எலும்பு சூடாகாமலிருக்கச் சலைன் (உப்பு நீர்) ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு செத்துப்போகலாம். அழுத்தமும் அதிர்வும் தெரியும், சத்தம் மண்டைக்குள் கேட்கும். ஆனால் வலிக்கக் கூடாது. வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடலாம்.

முக்கியமான கட்டம் இனிமேல்தான். ஈறைத் திரும்ப மூடி, அதன் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். திறந்த எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நெருடல் மூடிய ஈறின் மேல் விரலில் தட்டும். நெருடினால் மறுபடி திறந்து அரத்தை இரண்டு இழுப்பு. இந்தச் சோதனையை அவசரமாக முடிப்பதால்தான் பலர் பிறகு அவதிப்படுகிறார்கள். அதற்காகக் கண்ணாடி போல ஆகும்வரை சீவுவதும் தப்பு. எடுத்த எலும்பு திரும்ப வளராது, மேடு தாழ்ந்துவிட்டால் செட்டுக்குப் பிடிமானம் போய்விடும், குறிப்பாகக் கீழ்த்தாடையில். கொஞ்சம் குறைவாக எடுத்ததை மீண்டும் சரிசெய்யலாம், அதிகமாக எடுத்ததைச் சரிசெய்வது பெரும்பாடு.

தையலுக்குப் பின் புண் மேல் வைக்கும் காஸ் துணியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கடித்திருங்கள். முதல் நாள் துப்பக் கூடாது, உறிஞ்சக் கூடாது. புகைப்பது ஆறும்வரை கூடாது. மரப்பு தெளியாமல் சூடாக எதுவும் வேண்டாம், உதடு வெந்தாலும் தெரியாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு மெதுவாகக் கொப்பளிக்கலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும், பயம் வேண்டாம். அதற்குப் பிறகும் ஏறினால், சீழோ காய்ச்சலோ வந்தால், கீழுதட்டு மரப்பு மறுநாளும் தெளியாவிட்டால் போய்க் காட்டுங்கள். பட்டு நூல் தையலை ஒரு வாரத்தில் பிரிப்பார்கள்.

செட்டுக்கு அளவெடுக்கப் பொதுவாக 4 முதல் 8 வாரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் வீங்கிய ஈறின் அளவுதான் கிடைக்கும், வீக்கம் வற்றியதும் செட் ஆடும். முன்பே செய்துவைத்த செட்டை அறுவை சிகிச்சை அன்றைக்கே மாட்டியவர்கள் முதல் 24 மணி நேரம் கழற்றக் கூடாது. கழற்றினால் ஈறு வீங்கி மறுபடி மாட்ட முடியாமல் போகலாம். அவர்களுக்குச் சில மாதங்களில் செட்டின் உட்பக்கத்தை ஈறுக்கேற்ப நிரப்ப வேண்டிவரும். இடையில் மணல் பருக்கை போல வெள்ளையாக ஏதாவது ஈறைக் குத்திக்கொண்டு வந்தால் அது உதிர்ந்த எலும்புத் துணுக்காக இருக்கலாம். நகத்தால் நோண்டாமல் டாக்டரிடம் காட்டி எடுத்துவிடுங்கள்.