நட்சத்திரக் குறி இல்லாத ஓர் எண்

பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த அந்த நெசவாளிக்கு வயது 61. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தவர். எக்கோ அறிக்கையில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 32 சதவீதம் என்று இருந்தது. எங்கள் இதயச் செயலிழப்புப் பிரிவுக்கு வருகிறவர்கள் மூச்சு வாங்குவதைத்தான் முதலில் சொல்வார்கள். இவர் மூச்சைப் பற்றிப் பேசவே இல்லை.

"கால் ஓய்ந்துபோகிறது, சிஸ்டர். தறியில் உட்கார்ந்து அரை மணி நேரம் மிதித்தால் தொடை இரண்டும் கடுக்கிறது. நான்கு நாளில் முடித்த சேலை இப்போது பத்து நாளானாலும் முடிவதில்லை."

காலில் வீக்கம் இல்லை. எடை ஏறவில்லை. நீர் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதவர். ஹீமோகுளோபின் 13.2. இதைப் பார்த்துவிட்டு இரண்டு இடங்களில் "ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, வயதாகிறது அல்லவா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

செவிலியர் வேலையை நான் தொடங்கியது பிரசவ வார்டில். கர்ப்பிணிகளின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது, ஒன்றுவிட்டு ஒரு நாள் 200 மில்லிகிராம் அயர்ன் சுக்ரோஸை சலைனில் கலந்து ஏற்றுவது, "ரத்தம் ஊறிவிட்டதா சிஸ்டர்" என்று கேட்கும் மாமியார்களுக்குப் பதில் சொல்வது என்று ஆறு ஆண்டுகள் ஓடின. அங்கே இரும்பு என்றால் ரத்தம், ரத்தம் என்றால் ஹீமோகுளோபின். இதயப் பிரிவுக்கு மாறியபோது அந்தக் கணக்கையும் கூடவே கொண்டுவந்துவிட்டேன். நம் பேச்சிலும் இரண்டும் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. 'ரத்தம் கம்மி' என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ரத்தம் சரியாக இருந்தும் இரும்பு தீர்ந்துபோன ஓர் ஆளைச் சொல்ல நம்மிடம் சொல்லே இல்லை.

ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரும்புக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் பலருக்கு ரத்தசோகை கிடையாது. ரத்தச் சிவப்பணுக்களைப் போலவே தசைக்கும் இரும்பு வேண்டும். ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினில் இரும்பு உண்டு. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இரும்பு இல்லாமல் ஓடாது. உடலில் இரும்பு குறையும்போது எலும்பு மஜ்ஜை தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் நிமிர்ந்து நிற்கும். தொடைத் தசையும் இதயத் தசையும் பட்டினி கிடக்கும். அந்த நெசவாளியின் தொடை சொன்ன கதை இதுதான் என்று இன்று எனக்குத் தெரிகிறது.

அன்று எங்கள் மூத்த மருத்துவர் இரும்புப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். மாலையில் வந்த தாளை நான்தான் கோப்பில் சேர்த்தேன். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 62. அதன் எதிரே நட்சத்திரக் குறியும் இல்லை, தடித்த எழுத்தும் இல்லை. ஆய்வகத்தின் இயல்பு வரம்பு முப்பதுக்குச் சற்றுக் கீழே தொடங்குவதால் கணினி அதை இயல்பு என்றே எடுத்துக்கொண்டுவிட்டது. இதயச் செயலிழப்பில் அந்த வரம்பு செல்லாது. உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே உயரும். கிடங்கில் சரக்கு இருக்கும், கடைக்கு வராது. அதனால் இந்த நோயாளிகளுக்கு 100க்குக் கீழ் இருந்தாலே குறைபாடு என்கிறார்கள். 100 முதல் 299 வரை இருந்தால் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதையும், பார்க்க வேண்டும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதுவும் குறைபாடுதான்.

அந்தச் செறிவு தாளில் அச்சாகியிருக்கவில்லை. சீரம் இரும்பு 48, மொத்த இரும்புப் பிணைப்புத் திறன் 360 என்று இரண்டு எண்கள் தனித்தனியாக இருந்தன. ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். தாளின் பின்பக்கம் பேனாவால் வகுத்தேன். 13 சதவீதம். இதே போன்ற தாள்களை இதற்கு முன் எத்தனை கோப்புகளில் வகுக்காமல் செருகியிருப்பேன் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

"மாத்திரை கொடுத்தால் போதாதா?" என்று அவருடைய மகள் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் ஏற்கெனவே ஒரு நாளைக்கு 11 மாத்திரை விழுங்குகிறார். 12ஆவது ஒன்று பெரிய பாரம் இல்லை. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வீட்டில் மூன்று மாதமாகத் தவறாமல் நடந்துகொண்டிருந்தன. ஆனால் இதயம் தளர்ந்தவர்களின் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கக்கூடும். அது குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் வாசலைச் சாத்திவிடுகிறது. குடலிலேயே நீர் கோத்திருந்தால் உறிஞ்சுவது மேலும் குறையும். வயிற்றெரிச்சலுக்குப் போடும் மாத்திரைகளும் தம் பங்குக்குத் தடுக்கும். 2017இல் வெளிவந்த அயர்ன்அவுட் ஆய்வில் 225 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு இரண்டு வேளை 150 மில்லிகிராம் இரும்பு மாத்திரையை 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். உடலுழைப்பின்போது உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் போலி மாத்திரை பெற்றவர்களைவிட உயரவில்லை. இதையெல்லாம் அந்த மகளுக்கு நான் இப்படி விளக்கவில்லை. "கதவு சாத்தியிருக்கிறது அம்மா, வாசலில் எவ்வளவு கொட்டினாலும் உள்ளே போகாது" என்றேன். புரிந்துகொண்டார்.

நரம்பு வழியாகக் கொடுக்கும் இரும்புக்கு ஆதாரம் இருக்கிறது. 2009இல் வெளிவந்த ஃபேர் எச்எஃப் ஆய்வில் 459 பேருக்கு ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தையோ வெறும் சலைனையோ கொடுத்தார்கள். இரும்பு பெற்றவர்களின் உடல்நிலையும் நடக்கும் தூரமும் மேம்பட்டன. ரத்தசோகை இல்லாதவர்களுக்கும் அதே பலன் கிடைத்தது. உயிர் காக்குமா, மருத்துவமனைச் சேர்க்கையைத் தடுக்குமா என்பதில் விடை அவ்வளவு தெளிவாக இல்லை. 2020இன் அஃபர்ம் ஆய்வும் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளிவந்த அயர்ன்மேன் ஆய்வும் முதன்மை இலக்கை மயிரிழையில் தவறவிட்டன. 3,065 பேரை வைத்து நடந்து 2023இல் வெளிவந்த ஹார்ட்ஃபிட் ஆய்வும் தான் வகுத்துக்கொண்ட கடும் அளவுகோலை எட்டவில்லை. ஆயினும் நோயாளியின் அறிகுறிகளும் வாழ்க்கைத் தரமும் மேம்படும் என்பதற்காக அதே ஆண்டில் ஐரோப்பிய இதயவியல் சங்கம் இதை மிக உயர்ந்த தரமான முதல் வகுப்புப் பரிந்துரையாக உயர்த்தியது. ஃபெரிட்டினைவிட டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20க்குக் கீழ் இருப்பதையே முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தும் இப்போது வலுத்துவருகிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆயுளைக் கூட்டுவோம் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. கால் கடுக்காமல் தறி மிதிக்க முடிவது சிறிய விஷயம் என்றும் யாரையும் சொல்ல விடமாட்டேன்.

இரும்பு ஏன் குறைந்தது என்றும் தேட வேண்டும். ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்குக் குடலில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கசியலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று எல்லாரிடமும் கேட்கிறேன். ஒரு பெரியவர் மூன்று முறை கேட்ட பிறகுதான் தயங்கித் தயங்கி ஆமாம் என்றார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிந்தது.

நெசவாளியின் எடை 58 கிலோ. 1,000 மில்லிகிராம் போதும் என்று முடிவாயிற்று. மருந்தை சலைனில் கலக்கும்போது அது கெட்டியான காபி டிகாஷன் போல இருக்கும். 15 நிமிடத்தில் ஏறிவிடும். அதன் பிறகு அரை மணி நேரம் ஒவ்வாமை வருகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். பழைய காலத்து அயர்ன் டெக்ஸ்ட்ரானில் கடும் ஒவ்வாமைகளைப் பார்த்த மூத்த செவிலியர்களுக்கு இரும்பு டிரிப்ஸ் என்றாலே நெஞ்சு படபடக்கும். புதிய மருந்துகளில் அந்த ஆபத்து மிகவும் குறைவு. என் பயம் வேறு.

இந்தப் பிரிவுக்கு வந்த முதல் ஆண்டில் ஒரு பெரியம்மாவுக்கு இரும்பு ஏற்றினேன். முன்கையில் நரம்பு கிடைக்காமல் முழங்கை மடிப்பில் ஊசியை வைத்தேன். பாதி ஏறியபோது பக்கத்துக் கட்டிலில் கூப்பிட்டார்கள், போனேன். பெரியம்மா தேநீர் குடிக்கக் கையை மடக்கியிருக்கிறார். ஊசி நரம்பைவிட்டு விலகி மருந்து தோலுக்கடியில் இறங்கிவிட்டது. "கொஞ்சம் எரிகிறது, பரவாயில்லை தாயி" என்றார். என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதற்குமுன் பத்து நிமிடம் சொல்லாமலேயே இருந்திருக்கிறார். திரும்பி வந்தபோது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. உடனே நிறுத்தினேன். ஆனால் அந்தக் கறை கழுவினால் போகிற கறை இல்லை. இரும்பு தோலிலேயே தங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவரைப் பார்த்தபோதும் மங்கலாகத் தெரிந்தது. பேத்தி கல்யாணத்துக்கு முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டதாகச் சொன்னார். அவர் என்மீது கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதிலிருந்து முழங்கை மடிப்பைத் தொடுவதில்லை. முதலில் 10 மில்லி சலைனை விட்டு வீக்கம் வருகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். அந்த 15 நிமிடமும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். வேறு யாராவது கூப்பிட்டால் இன்னொரு சிஸ்டர் போவார். இது எங்கள் வார்டில் இப்போது எழுதப்படாத சட்டம்.

நெசவாளிக்கு ஒரு சிக்கலும் இல்லாமல் ஏறியது. ஏற்றுவதற்கு முன் ஆறு நிமிட நடையைப் பார்த்திருந்தோம். 30 மீட்டர் நடைக்கூடத்தில் இரு முனையிலும் நாற்காலி போட்டு நடக்கவிட்டபோது 245 மீட்டர் நடந்திருந்தார். மறுநாளே தெம்பு வரும் என்று எதிர்பார்த்தவரிடம் சில வாரம் பொறுக்கச் சொன்னேன். எல்லாருக்கும் பலன் வருவதும் இல்லை. அதே மாதம் இரும்பு ஏற்றிக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு எண்கள் எல்லாம் ஏறின, அசதி அப்படியே இருந்தது. அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

12 வாரம் கழித்து நெசவாளி வந்தார். டிரான்ஸ்ஃபெரின் செறிவு 24. நடை 300 மீட்டர். தறியைப் பற்றிக் கேட்டேன்.

"ஆறு நாள், சிஸ்டர். பழையபடி நான்கு நாளெல்லாம் இல்லை. ஆறு நாளில் முடித்துவிடுகிறேன்."

மீட்டர் கணக்கின் கீழே 'சேலை: 10 நாள், இப்போது 6 நாள்' என்று கோப்பில் எழுதினேன். சுற்றுக்கு வந்த இளம் மருத்துவர் அதைப் படித்துவிட்டு இது என்ன அளவு என்று கேட்டார். நெசவாளி தானே விளக்கத் தொடங்கிவிட்டார், மிதி எத்தனை, நாடா எத்தனை என்று. நான் அவருடைய நோட்டை எடுத்து, அடுத்த இரும்புப் பரிசோதனைக்கான தேதியை அட்டையிலேயே தெரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தேன்.